எதிர்வீட்டில் துக்கம், என் வீட்டில் தாளிப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம். பாபநாசத்திலிருந்து வலங்கைமான் போகும் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டியிருக்கும் எங்கள் கிராமத்துத் தெருவில் நடந்தது இது. "எங்கள் கிராமம்" என்று நான் சொன்னால் இங்கேயே சிலர் லேசாகச் சிரிப்பார்கள். ஏனென்றால் நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். என் கணவர் அங்கே வேலைக்கு வந்தவர். என்னைக் கல்யாணம் செய்துகொண்டு, எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தன் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். கூடவே நானும் வந்தேன். அப்போது எனக்குத் தலை முழுக்கக் கருப்பு. இப்போது விளக்கு வைத்துத் தேடினாலும் ஒரு கருப்பு முடி கிடைக்காது. அத்தனை காலம் ஆகியும் இந்தத் தெருவுக்கு நான் "மலேசியாம்மா"தான்.

குடியுரிமைக்காக நான் ஏறி இறங்கிய அலுவலகப் படிகளை எண்ணினால் திருச்சி மலைக்கோட்டையே தோற்றுவிடும். எல்லாம் வாங்கினேன். ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் போய் வரிசையில் நின்றால் யாராவது ஒருவர், "அட, உங்களுக்கும் இங்க ஓட்டு உண்டா?" என்று ஆச்சரியப்படுவார். போன தடவை ஆச்சரியப்பட்ட அதே ஆளாகக்கூட இருக்கும். அதைவிட எரிச்சல், கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி. "எப்ப ஊருக்குப் போறீங்க?" எந்த ஊருக்கு? அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. தோட்டத்தை அழித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அங்கே இருந்தவரை நாங்கள் இந்தியர்கள். இங்கே வந்தால் நான் மலேசியா. நடுக்கடலில்தான் எனக்கு ஊர் என்று ஒன்று இருந்திருக்கும் போலிருக்கிறது.

வெளிநாட்டில் பிள்ளைகளோடு போய் இருக்கும் வயதானவர்கள் பேச ஆளில்லாமல் தவிக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். படித்துவிட்டு எல்லாரும் உச்சுக்கொட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து கிழவியாகிப்போன என்னைப் போன்றவர்களைப் பற்றி ஒருவர் உச்சுக்கொட்டட்டுமே, பார்ப்போம்!

ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்படியிருந்தால் நானும் ரெண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருப்பேன். நல்லவர்கள், அதுதான் தொல்லை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதற்குப் போனாலும் வாசலிலேயே என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "மலேசியாம்மாவுக்கு ஒரு சேர் போடு." மற்ற பெண்கள் எல்லாம் உள்ளே தரையில் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டு, ஊர் வம்பை உரித்துக்கொண்டு இருப்பார்கள். நான் எழுந்து போய் ஒரு முருங்கைக்காயை எடுத்தால் போதும், "அய்யோ, நீங்க எதுக்கு? நீங்க உக்காருங்க" என்று கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள். நான் சேரில் உட்கார்ந்து, முதல் பந்தியில் சாப்பிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு மட்டும் இந்த ஊரில் ஆயுள் முழுக்க விருந்து.

சண்டை கூட என்னோடு யாரும் போட மாட்டார்கள். எங்கள் தெருவில் சண்டை என்பது காலை நேரத்துக் காபி மாதிரி. கழுவின தண்ணீர் அடுத்த வீட்டு வாசலுக்குப் போனால் சண்டை, ரோட்டில் காயப்போட்ட நெல்லில் பக்கத்து வீட்டு ஆடு வாய் வைத்தால் சண்டை. மதியம் கத்திக்கொள்வார்கள், சாயங்காலம் ஒருத்தர் வீட்டுக் குழம்பு இன்னொருத்தர் வீட்டுக்குப் போகும். ஒரு முறை என் தென்னை மரத்து மட்டை விழுந்து பக்கத்து வீட்டு ஓடு உடைந்தது. வேறு யார் மரமாக இருந்திருந்தாலும் ஒரு வாரம் தெரு அதிர்ந்திருக்கும். நானும் பதிலுக்குப் பேச நாலு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வாசலில் நின்றேன். அந்தம்மா வந்தார், சிரித்தார், "பரவால்லம்மா, மரம்னா மட்டை விழத்தானே செய்யும்" என்று போய்விட்டார். தயார் செய்த வார்த்தைகளை நான் என்ன செய்ய, ஊறுகாயா போட முடியும்?

பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னால், "மரியாதையா நடத்துறாங்கன்னு சந்தோஷப்படாம, திட்டலைன்னு ஒரு குறையாம்மா?" என்பாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அவள் இந்தத் தெருவில் திட்டு வாங்கி வளர்ந்தவள்.

எனக்கென்று இருந்தது எதிர்வீட்டு அக்கா ஒருவர்தான். என்னைவிடச் சில வயது மூத்தவர். மற்றவர்கள் வாசலோடு நின்றுவிட, அவர் மட்டும் நேராக என் சமையலறைக்கு வந்து தரையில் காலை நீட்டி உட்காருவார். ஒரு கிண்ணத்தில் வத்தக்குழம்பு கொண்டுவருவார், என் கையால் ஒரு காபி குடிப்பார். மருமகள் மீதான வருத்தம், முழங்கால் வலி, துபாயில் வேலை பார்க்கும் மகனுடைய சம்பளம் ஏன் ஏறவில்லை என்பது வரை எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போவார். என் கணவர் இறந்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு, அவர் வரும் சாயங்காலத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் அது மிகை இல்லை.

அந்த அக்கா ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துபாயிலிருந்து மகன் வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிடும் என்பதால் ஐஸ் பெட்டி வரவழைத்து அக்காவை அதில் வைத்தார்கள். ராத்திரி என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், பொழுது விடிந்ததும் நான் குளித்துவிட்டுப் போனேன். கூடத்தில் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையோடு தலை முட்டி அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் அப்படித்தான். புதிதாக ஒரு பெண் உள்ளே நுழைந்தால் வட்டம் தானாக விலகும், ரெண்டு கைகள் நீண்டு அவளை உள்ளே இழுத்துக்கொள்ளும், அழுகை புதிதாக ஓங்கும். அன்றைக்கு எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ரெண்டு கைதான். என் அக்கா உள்ளே படுத்திருக்கிறார். நான் அந்த வட்டத்துக்குள் விழுந்து அழ வேண்டும், அவ்வளவுதான்.

நான் நுழைந்தேன். அழுகை சட்டென்று தாழ்ந்தது. "மலேசியாம்மா வந்திருக்காங்க, சேர் எடுத்தாங்க" என்று ஒரு குரல்.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஒரு பெண் அதை முந்தானையால் துடைத்தும் கொடுத்தாள். சாவு வீட்டில் சண்டையா போட முடியும்? உட்கார்ந்தேன். வட்டத்துக்கு வெளியே, எல்லாருடைய தலைக்கும் மேலே, ஏதோ கலெக்டர் பார்வையிட வந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அழுது பாருங்கள், தெரியும். தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்கும், வெளியே வராது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் பேச்சு வந்தது. யார் யார் குடம் எடுப்பது என்று ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பார்வை என் மீது வந்தது, அப்படியே வழுக்கிக்கொண்டு அடுத்தவர் மீது போய்விட்டது. கொஞ்ச நேரத்தில், "வெயில் ஏறுதும்மா, நீங்க வேணா வீட்டுக்குப் போய் இருங்க. எடுக்கறப்ப சொல்லி விடுறோம்" என்றார்கள். சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்கு அனுப்புகிற மாதிரி.

எழுந்து வரும்போது அக்காவின் மகளைப் பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கியவள். உதடு வறண்டு, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெயின் ரோட்டு டீக்கடையிலிருந்து யாரோ வாங்கிவந்த டீ அவள் பக்கத்தில் ஆறிப்போய் இருந்தது.

என் அம்மா நினைவு வந்தது. தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளில் ஒன்றில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டில் உடனே பெரிய பானையில் சோறு பொங்கும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு அழக்கூடாது என்பார் அம்மா. சரி, வட்டத்தில்தான் இடமில்லை. அக்கா பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போடவாவது எனக்கு உரிமை இல்லையா? வீட்டுக்கு வந்தேன். அடுப்பைப் பற்றவைத்து ஒரு பக்கம் சோறு வைத்தேன். இன்னொரு பக்கம் புளியைக் கரைத்து, நல்லெண்ணெய் காயவிட்டு, கடுகு, மிளகாய், கடலைப்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை என்று தாராளமாகத் தாளித்தேன். கோபத்தில் செய்கிற சமையலில் எல்லாமே ஒரு கை கூடத்தான் விழும். வீடு நிறைந்து வாசனை வாசலுக்கும் போனது. ஜன்னல் கதவைக் கூட நான் சாத்தவில்லை. எதற்குச் சாத்த வேண்டும்?

கொல்லைக் கதவு படீரென்று திறந்தது. வந்து நின்றது முனைவீட்டம்மா. அக்காவின் நாத்தனார், அதாவது அக்கா கணவருடைய தங்கை. இதே தெருவில் முனை வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அவர் வாயில் விழாதவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை, என்னைத் தவிர. என்னைப் பார்த்தால் மட்டும் அந்த வாய் சர்க்கரைப் பொங்கலாகி, "சௌக்கியமாம்மா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடும். அன்றைக்குத் தலை விரிந்து கிடக்க, அழுது சிவந்த கண்ணோடு நின்றார்.

"எதிர்த்தாப்புல பொணம் கெடக்கு, இங்க கடுகா பொரியுது? ஏ மலேசியா, உனக்கு அறிவுன்னு ஏதாவது இருக்கா? இத்தனை வருஷம் இந்தத் தெருவுலதானே குப்பை கொட்டுற? பொணம் தெருவைத் தாண்டாம அக்கம்பக்கத்துல அடுப்பு பத்த வைக்கக் கூடாதுன்னு பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியுமே! ஊரே டீக்கடையில பன்னு தின்னுட்டுக் கெடக்கு, உனக்கு மட்டும் புளிச்சோறு கேக்குதோ?"

கையில் கரண்டியோடு திரும்பினேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று தெரியும், பக்கத்து வீடுகளுக்கும் அது உண்டு என்று தெரியாது. என் கணவர் இருந்தவரை தெருவில் ஒரு சாவு என்றால், "இன்னைக்கு நீ சமைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பாபநாசத்திலிருந்து இட்லி வாங்கிவருவார். எனக்கு ஓய்வு கொடுக்கிறாராக்கும் என்று நானும் மகிழ்ந்துபோயிருக்கிறேன்! அவர் போன பிறகு அப்படி ஒரு நாள் வந்தபோது அக்கா ரொட்டியும் பழமும் கொண்டுவந்து, "இன்னைக்கு இதைச் சாப்பிடுங்க" என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாமே!

அவ்வளவுதான், எனக்குள் எங்கேயோ அணை உடைந்தது. ஊறுகாய் போட்டு வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"யார் சொன்னீங்க? சொல்லுங்க, யார் சொன்னீங்க எனக்கு? சேர்ல உக்கார வச்சா அடுப்பு எப்பப் பத்த வைக்கணும்னு தெரியுமா? காய் நறுக்கப் போனா புடுங்குறீங்க. குடம் எடுக்க ஆள் பாத்தா என்னைத் தாண்டிப் போறீங்க. உள்ள படுத்திருக்கறது எனக்கு யாரு? உங்களுக்கு அண்ணி, எனக்கு யாருமே இல்லையா? நான் என்ன, எலெக்ஷனுக்கு ஓட்டுக் கேட்டா வந்திருக்கேன், சேர் போட்டு உக்கார வைக்க?"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். தென்னை மட்டை வரை போய்விட்டேன். பக்கத்து வீட்டுக் கொல்லையில் ரெண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. நான் நிறுத்தவில்லை. கத்திக்கொண்டே இருந்தவளுக்கு நடுவில் எப்போது அழுகை வந்தது என்று தெரியவில்லை. காலையிலிருந்து தொண்டையில் நின்றது அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா என்று வாய்விட்டு அலறினேன்.

முனைவீட்டம்மா உள்ளே வந்தார். ரெண்டு அடுப்பையும் அணைத்தார். "யாரும் சொல்லலைன்னா நீ கேக்க மாட்டியா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்றார். அதிலும் குரல் இறங்கவில்லை. என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கித் தொட்டியில் போட்டார். "அழுவுறதை இங்க நின்னு ஏன் அழுவுற? அங்க வந்து அழு, வா."

என் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனார். என் புடவை முழுக்கப் பெருங்காய வாசனை. வாசலில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "அதை நீயே வச்சுக்க" என்று முனைவீட்டம்மா ஒரு அதட்டுப் போட்டார். உள்ளே போனதும் வட்டத்தைத் தன் முழங்கையால் பிளந்து, என்னைக் கீழே தள்ளாத குறையாக உட்கார வைத்தார்.

என் கழுத்தின் மேல் ஒரு கை விழுந்தது. அது யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்னொரு பக்கம் இன்னொரு கை. யாரோ ஒருத்தியின் நெற்றி என் நெற்றியில் நன்றாகவே இடித்தது. வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்து மூச்சு முட்டியது. கால் மடங்காமல் முழங்கால் வலியில் உயிர் போனது. அய்யோ, அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன்!

முனைவீட்டம்மா பெட்டியின் தலைமாட்டில் கையை வைத்து ஒப்பாரியை எடுத்தார். எங்கள் தெருவில் ஒப்பாரிக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. அந்த நேரத்துக்கு வாயில் வருவதைத்தான் இழுத்துப் பாடுவார். அன்றைக்கு அவர் வாயில் வந்தது நான்.

"எதிர்வீட்டு அடுப்புல கடுகு வெடிக்குதே அண்ணி,
எந்திரிச்சு வந்து நீ ஏன்னு கேக்கலையா?
கடல்தாண்டி வந்தவளுக்குக் கதையெல்லாம் சொன்னியே,
கட்டுப்பாடு ஒண்ணைச் சொல்ல மறந்தியே!
புளிச்சோறு கிண்டி வச்சு உன் கூட்டாளி நிக்கிறா,
பொட்டியைத் திறந்து ஒரு வாய் வாங்கிக்கலையா?"

என் பக்கத்திலிருந்தவளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு! அழுதுகொண்டே சிரிக்கிறாள். அது அப்படியே வட்டத்தில் பரவிவிட்டது. சாவு வீட்டில் அடக்க முடியாமல் சிரிப்பதும், அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் ஓங்கி அழுவதுமாகக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு ஒரு பக்கம் அவமானம், மானம் போகிறது. மறு பக்கம், அக்காவின் ஒப்பாரியில் நான் இருக்கிறேன். அவருடைய கூட்டாளி என்று ஊர் கேட்கச் சொல்லியாகிவிட்டது. அந்த மாதிரி நான் என் புருஷன் சாவுக்குக்கூட அழுததில்லை.

மத்தியானம் மகன் வந்தார். அக்காவை எடுத்தார்கள். தெரு முனை திரும்பும் வரை பார்த்துவிட்டுப் பெண்கள் வாய்க்காலில் தலை முழுகினார்கள். நானும் முழுகினேன். ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்தால், என் பின்னாலேயே முனைவீட்டம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் நேரே என் சமையலறைக்குள் வந்துவிட்டார்கள். பிணம் இருக்கும்போது ஆக்கியதைத் துக்க வீட்டுக்குக் கொடுக்கக் கூடாதாம். என் புளிச்சோறு மொத்தமும் கொல்லைக் குழிக்குப் போனது. அவ்வளவு நல்லெண்ணெய்! எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடி உலை வைத்தார்கள்.

அப்புறம் ஆரம்பித்ததே பாருங்கள். "என்ன இது, கத்தியா? இதுல வெண்ணெயைக் கூட வெட்ட முடியாது." "உப்பை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?" "அருவாமனை எங்க?" என்னிடம் அரிவாள்மனை இல்லை. நான் பலகையில் வைத்து நின்றபடி நறுக்குகிறவள். முனைவீட்டம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஒரு அருவாமனை இல்லாத வீட்டுல இவ எப்படித்தான் குடும்பம் நடத்துனா!" என்றார், நான் ஏதோ கூரையே இல்லாமல் குடியிருந்த மாதிரி. யாரோ தன் வீட்டு அரிவாள்மனையைக் கொண்டுவந்தார்கள். என் முன்னால் ஒரு முறம் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, "சும்மா நிக்காத, உரி" என்றார்கள். நான் உரித்த வெங்காயத்தில் தோல் இருக்கிறது என்று ஒருத்தி திருப்பிக் கொடுத்தாள். அவள் என் மகள் வயதுக்காரி! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உரித்தேன். அந்தச் சாப்பாடு எதிர்வீட்டுக்குப் போனது. அக்காவின் மகள் ரெண்டு கவளம் சாப்பிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். ஆனால் எனக்கு மறக்க முடியாமல் போனது இதற்குப் பிறகு நடந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து முனைவீட்டம்மா ஒரு சாயங்காலம் வந்தார். வாசலோடு நிற்கவில்லை, சமையலறைக்கே வந்து, அக்கா உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் காபி போட்டேன். சர்க்கரை கூட என்று ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் குடித்தார். நான் அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையை அசைத்து நிறுத்திவிட்டார்.

"உனக்கு நாங்க ஏன் ஒண்ணும் சொல்றதில்லைன்னு கேட்டியே. அண்ணிதான் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தா. நீ வந்த புதுசுல ஏதோ ஒரு நாள் நான் உன்னை என்னவோ சொல்லிட்டேன். நீ கொல்லையில உக்காந்து அழுதியாம், அண்ணி பாத்துட்டா. தெருவுல ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லிட்டு வந்தா. 'அதைப் பெத்தவங்க கடலுக்கு அந்தாண்ட கெடக்காங்க. நாமெல்லாம் சண்டை போட்டா பொறந்த வீட்டுக்குப் போயிடலாம், அது எங்க போவும்? யாரும் அதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, வேலை ஏவக் கூடாது'ன்னு. மீறினா அண்ணி பேச மாட்டா. அப்புறம் அதுவே பழகிப் போச்சு."

எனக்கு அந்த அழுகை நினைவே இல்லை. புதிதாக வந்த பெண், எதற்காகவாவது அழுதிருப்பேன். இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்த எந்தப் பெண்தான் கொல்லையில் உட்கார்ந்து அழவில்லை? அழுதுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த முறை பதிலுக்கு ரெண்டு சொல்லக் கற்றுக்கொண்டு, அப்படித்தானே எல்லாரும் இந்தத் தெருக்காரிகள் ஆனார்கள். என் ஒருத்திக்கு மட்டும் அந்த வழியை அடைத்தது யார் என்று பார்த்தால், என் மேல் உயிரையே வைத்திருந்த அக்கா.

அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பாவி மகளே, உன்னை யார் கேட்டது என்று கோபம் பொங்கியது. அடுத்த நிமிஷமே, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி எனக்காகப் பேசிய அந்த இளம் வயது அக்காவை நினைத்துக் கண் கலங்கியது. அப்புறம் மறுபடி கோபம். இரண்டு வருடமாக இப்படித்தான் மாறி மாறி வருகிறது.

இப்போது எனக்குத் தெருவில் குறைவே இல்லை. என் வாசல் தண்ணீர் தன் வாசலுக்கு வருகிறது என்று ஒருத்தி கத்துகிறாள். என் கோலம் கோணல் என்று முனைவீட்டம்மா நாள் தவறாமல் சொல்கிறார். துக்க வீட்டுக்கு உரிக்கும் வெங்காயம் என்றால் என் வீட்டுக்குத்தான் முறத்தோடு வருகிறது, சில நாள் இதற்கு அந்தப் பழைய நாற்காலியே தேவலை என்றுகூடச் சலித்துக்கொள்கிறேன். கடைத்தெருவில் எப்ப ஊருக்குப் போறீங்க என்று கேட்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்ய?

வயதாகி வந்து சேர்ந்தவர்களையோ, வந்து சேர்ந்து வயதானவர்களையோ நோகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று தள்ளி வைத்துவிடாதீர்கள் என்றுதான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். ஆனால் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டியது அக்காவிடம். என்னை இவ்வளவு பத்திரமாக வெளியே நிறுத்தி வைத்ததற்காக அவரோடு நடுத்தெருவில் நின்று ஒரே ஒரு சண்டை போட்டு, சாயங்காலம் அவர் வீட்டுக் குழம்பை வாங்கிச் சாப்பிட எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.